இருபது எண்ணும் வரை

1

இந்தக் கதை ஒரு விளம்பரப் பிரசுரத்திலிருந்து பிறந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரமேஸ். மாத்தளை டவுனில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், பூச்சிமருந்துப் போத்தலின் எச்சரிக்கை, எதைக் கொண்டுவந்தாலும் தமிழாக்கித் தருவேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். அதை யாரும் கேட்டு வருவதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு கொழும்பிலிருந்து பன்னிரண்டு பக்கப் பிரசுரம் ஒன்று வந்தது. ‘மூத்தோருக்கான உதவியுடன் கூடிய வாழ்விடங்கள்: தெரிவுகளைப் புரிந்துகொள்ளல்.’ அட்டையில் நரைத்த பெண்மணி ஒருத்தி பழச்சாற்றுக் கிளாஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழச்சாற்றைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிற கிழவியை எங்கள் ஊரில் டொக்டரிடம் கூட்டிப்போவார்கள். பிரசுரம் ‘பொன்னந்தி வாழ்வகம்’ என்ற இடத்துக்கானது. சீகிரியாப் பக்கம் ஓடாமல் போன ஒரு ஹோட்டலை வாங்கி, பெயர்ப் பலகையை மாற்றி, வெள்ளைக்காரன் வராத கட்டிலில் நம்முடைய கிழடுகளைப் படுக்கவைக்கலாம் என்று எந்தப் புத்திசாலிக்கோ தோன்றியிருக்கிறது.

அந்தப் பிரசுரத்தில் வறட்டு வரி ஒன்று இருந்தது. இருபத்துநான்கு மணிநேரமும் கேமரா கண்காணிப்பு உண்டு என்பதுதான் அதன் சாரம். நான் சும்மா விட்டேனா? ‘உங்கள் அன்னை தனியே இல்லை, எங்கள் கண்கள் எப்போதும் அவர்மேல்’ என்று இழைத்து இழைத்து எழுதினேன். எழுதிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

அந்த வரியை நம்பி ஒருவன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு சீகிரியாவுக்குப் போனான். தாயின் பெயர் சந்திரகாந்தா. அவளைப் பற்றித்தான் இந்தக் கதை. அவளை எனக்கு அவ்வளவாகப் பழக்கம் கிடையாது.*

* இது பொய். ஐந்தாம் பகுதியில் திருத்துகிறேன். அதுவரை நம்பிக்கொண்டு வாருங்கள்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் மாரடித்தேன். முதல் தொடக்கம் இப்படிப் போனது:

‘மழை விட்டிருந்தது. மிளகுக் கொடிகளிலிருந்து சொட்டிய நீர், ரத்தோட்டை மலையின் மௌனத்தை’

[அடச்சீ. எழுபத்தொரு வயதுப் பெண் கை முறிந்து தரையில் கிடக்கும்போது மிளகுக் கொடியை எவன் பார்ப்பான்?]

இரண்டாவது:

‘முதுமை என்பது ஒரு’

[அதுவும் பிரசுரத்தின் பாஷை. வேண்டாம்.]

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சந்திரகாந்தா விழுந்தாள். ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் அவள் தனியாக இருக்கிறாள். தண்ணீர்க் குழாய் லயத்தின் மறுகோடியில். காலை பத்து மணிக்கு வாளியோடு போனவள், பாசி பிடித்த படியில் வழுக்கி, வலது கை அடியில் மாட்டிக்கொள்ள, கவிழ்ந்து கிடந்தாள். பத்து மணிக்கு லயத்தில் யார் இருப்பார்கள்? நடமாடக்கூடிய ஆளெல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கும். அவள் கூப்பிட்டாள். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. மத்தியான நிறுவை முடிந்து கொழுந்துப் பெண்கள் இறங்கி வந்தபோதுதான் தூக்கினார்கள்.

கிடந்த அந்த நேரம் முழுக்க அவள் என்ன செய்தாள் தெரியுமா? எண்ணினாள். ஒன்றிலிருந்து இருபது வரை. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

ஏன் இருபது என்பதைச் சொல்லாவிட்டால் அடுத்து வருவது எதுவும் விளங்காது. சந்திரகாந்தா முப்பத்துநான்கு வருசம் அந்தத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். தாய்மார் மலைக்குப் போகுமுன் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஐந்தாறு சீலைத் தொட்டில், மூத்திர நாற்றம், பெரிய சட்டியில் திரிபோஷா சத்துமா, மூக்கொழுகும் இருபது இருபத்தைந்து உருப்படி. அழகாக எல்லாம் இருக்காது. அங்கே அவள் வைத்திருந்த சட்டம் இரண்டு. பிள்ளை அழுதால் இருபது எண்ணுவதற்குள் ஒரு ஆள் தொட்டிலடியில் நிற்க வேண்டும். கையில் மாவோ சோப்போ, அப்படியே வர வேண்டும். இது முதல் சட்டம். உதவிக்கு வந்த பெண்களை அவள் சத்தமாக எண்ணியே விரட்டுவாள்.

இரண்டாவது சட்டம், காலையில் பிள்ளையை வாங்கும்போதே கேட்கிற ஒரு கேள்வி. சாயந்தரம் யார் வந்து தூக்குவது? பேர் சொல்லாமல் பிள்ளையை வாங்க மாட்டாள். பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நேரமாகிறது என்று கங்காணி மேலே நின்று கத்துவான், தாய் பதறுவாள்; இவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பேரைச் சொன்னதும் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

3

இப்போது பிள்ளைகளைப் பார்ப்போம். இரண்டு பேர்.

மகள் அனுஷியா சைப்ரஸில் இருக்கிறாள். அங்கே தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தியைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பராமரிப்பது அவள் வேலை. அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கை, தன் தாயை வேறொருத்தி குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைப்பதற்காக அனுப்பத் தயாராக இருக்கிறாள். இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் ‘ரொம்பச் செயற்கையாக இருக்கிறது’ என்று நீங்களே திருப்பித் தந்திருப்பீர்கள்.

மகன் சசிக்குமார் வத்தளையில், வங்கியில். மூன்றாம் மாடியில் வீடு. லிஃப்ட் இல்லை. தாய் விழுந்த செய்தி வந்த அன்றே அவன் செய்த முதல் காரியம், ‘அம்மா கேர்’ என்று வாட்ஸப் குழு ஒன்றைத் தொடங்கியது. குழுவில் அவன், தங்கை, பெண்சாதி. அம்மா கிடையாது. அவளிடம் இருப்பது பட்டன் போன்.

குழுவில் தெரிவுகளைப் போட்டான். ஒன்று, அம்மா தங்களோடு வந்து இருப்பது. அதை எழுதிய கையோடு, மாடிப்படி அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது என்றும் எழுதிவிட்டான். முழங்கால் மேல் அப்படி ஒரு பாசம். இரண்டு, லயத்திலேயே ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைப்பது. லயத்தில் சும்மா இருக்கிற பெண் யார்? எல்லாம் மலையில், மிஞ்சியது கொழும்பு கார்மெண்டில். மூன்று, அரசாங்க முதியோர் இல்லம். அங்கே வரிசை நீளம். அத்தோடு ‘ஆபீஸ்ல கேட்டா என்னான்னு சொல்றது’ என்று பெண்சாதி எழுதியிருந்தாள். நான்கு, பொன்னந்தி. பிரசுரத்தின் பன்னிரண்டு பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டிருந்தான். என் வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம்.

[சசிக்குமாரை இவ்வளவு முட்டாளாக எழுதலாமா என்று ஒரு சந்தேகம் வருகிறது. நல்ல கதையில் எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்பார்கள். அவன் நியாயத்தைத் தேடிப் பார்த்தேன். விழுந்த அன்று இரவு கண்டி ஆஸ்பத்திரி வாங்கில் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். அதையும் எழுதிவிட்டேன். இப்போது திருப்திதானே?]

தாயிடம் யாரும் கேட்கவில்லை. ‘புரிந்துகொள்ளல்’ என்று தலைப்பில் இருந்தது பிள்ளைகளுக்காக என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

4

பொன்னந்திக்குப் போன நாள் ஒரு ஞாயிறு. முன்கூட்டியே சொல்லி, நேரம் குறித்து, வாடகை வேன் பிடித்துப் போனார்கள். அங்கேதான் சசிக்குமார் முதல் தப்பைச் செய்தான். சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் என்ன தெரியும்? பிள்ளைக்காம்பராவுக்குப் பெரியதுரை வருகிற நாளில் அலமாரியைத் திறந்து புதுச் சட்டைகளை எடுத்து எல்லாப் பிள்ளைக்கும் மாட்டிவிட்டவள் சந்திரகாந்தா. துரையின் ஜீப் வளைவைத் தாண்டியதும் கழற்றி மடித்து உள்ளே வைத்தவளும் அவள்தான். அவளுக்கா காட்டுகிறார்கள்?

வாசலில் கழுத்துப் பட்டி கட்டிய இரண்டு பேர் கையைக் கூப்பினார்கள். ஈரத்துண்டு கொடுத்தார்கள். எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். மேனேஜர் ஒரு அறையைத் திறந்து, ஜன்னலில் தெரிந்த சீகிரியாக் குன்றைக் காட்டி, இந்தக் காட்சிக்குத் தனிக் கட்டணம் என்றார். சந்திரகாந்தா குன்றைப் பார்க்கவில்லை. மெத்தையைத் தூக்கி அடியில் முகர்ந்தாள். கட்டிலின் உயரத்தைத் தொடையோடு வைத்து அளந்தாள். இருந்த நாலு பெரியவர்களில் ஒருவருடைய கையைப் பிடித்து, குசலம் விசாரிக்கிற சாக்கில், நகத்தைப் பார்த்தாள். நீளமாக இருந்தது. உள்ளே அழுக்கு.

பிறகு குளியலறைக்குப் போக வேண்டும் என்றாள். வழவழப்பான மாபிள் தரை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. வெள்ளைக்காரன் படுத்துக் குளிக்கிற தொட்டி ஒன்று நடுவில் இருந்தது. அதற்குள் காலைத் தூக்கிவைக்க அவளுக்கு ஏணி வேண்டும். அவள் கதவைச் சாத்தினாள். தரையில் மெதுவாக உட்கார்ந்தாள். நல்ல கையால் வாளியைத் தள்ளிவிட்டு, கூப்பிட்டாள்.

“யாராவது வாங்க. விழுந்துட்டேன்.”

எண்ணத் தொடங்கினாள். இருபது ஆனது. தமிழ் தெரியாத பிள்ளைகளாக இருக்கும் என்று அவளே அவர்களுக்காக ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, யாருமே இல்லையா என்று சிங்களத்திலும் கேட்டாள். “கவுருத் நெத்த?” நாற்பது ஆனது. நூறு ஆனது. கழுத்துப் பட்டிக்காரர்கள் இருவரும் வரவேற்பறையில் வேன் டிரைவருக்குக் கேக் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

அந்நேரம் சசிக்குமார் என்ன செய்துகொண்டிருந்தான்? மேனேஜர் அவனுடைய போனில் கேமராவை இணைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். வத்தளையில் இருந்தே பார்க்கலாம், ஆபீஸில் இருந்தே பார்க்கலாம். திரையில் நீளமான நடைபாதை, பூச்சாடி, சாத்திய ஒரு கதவு. படம் கண்ணாடி மாதிரித் தெளிவு என்று சசிக்குமார் வியந்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் அவன் தாய் இருநூறு வரை எண்ணி, எண்ணுவதை நிறுத்தி, தானே சுவரைப் பிடித்து எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

‘எங்கள் கண்கள் எப்போதும் அவர்மேல்.’ எழுதினவன் கை அழுக.

வெளியே வந்தவள் மகனோடு வேனில் ஏறினாள். திரும்பும் வழியில் கலேவெலயில் வேனை நிறுத்தி அவன் இளநீர் வாங்கிக் கொடுத்தான். குடித்தாள். அன்று சாயந்தரம் அனுஷியா போன் எடுத்தபோது மட்டும் நடந்ததைச் சொன்னாள்.

“அம்மா, இங்க இந்தக் கெழவியோட மகளும் கேமராவுலதான் பாக்குறா. நான் முதுகக் காட்டி நின்னுக்கிட்டா அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ அங்க போகாத.”

சசிக்குமார் அதற்குள் பதிவுப் படிவத்தை நிரப்பிவிட்டான். சனிக்கிழமை வேன் வரும், சாமானைக் கட்டி வைக்கச் சொன்னான்.

5

வாக்குக் கொடுத்தபடி பொய்யைத் திருத்துகிறேன்.

சந்திரகாந்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவன் நான். நாற்பத்தொன்பது வருசத்துக்கு முன்பு, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் குண்டி கழுவிவிட்ட முதல் வரிசைப் பிள்ளைகளில் ஒருவன். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் முதல் பகுதியில் அப்படி எழுதினேன். டவுனுக்கு வந்து பேனா பிடித்தவனுக்கு என்னென்ன வெட்கமெல்லாம் வந்துவிடுகிறது பாருங்கள்.

திங்கட்கிழமை அவள் என் அறைக்கு வந்தாள். கட்டுப்போட்ட கையோடு, பஸ் பிடித்து, மாடி ஏறி. அந்த முழங்கால் மாடி ஏறியது. நான் ஆயாம்மா என்று எழுந்தேன். தோட்டத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். பொன்னந்தியில் நடந்ததைச் சொன்னாள். பிரசுரத்தை எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. உக்குவலையில் மபாஸா என்று ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டில் வயசானவர்களை வைத்துப் பார்க்கிறாராம். ஒரு கட்டில் காலியாம். கூட வா என்றாள். எப்போது என்று கேட்டேன்.

“இப்பவே. மூணு மணிக்கு அங்க நிக்கணும். மூணு மணிக்கு எந்தக் காம்பராவும் பொய் சொல்லாது.”

காலைக் குளிப்பாட்டின் வாசம் போயிருக்கும், சாயந்தரம் தூக்க வருகிறவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள், வேலை செய்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு இடம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அந்த இடம்.

மபாஸாவின் வீடு அழகில்லை. முன்கூடத்தில் ஆறு கட்டில் நெருக்கியடித்துக் கிடந்தன. கொல்லையில் கொடி நிறைய ஈரத்துணி. சந்திரகாந்தா வாசலில் நின்று அந்தத் துணியைத்தான் முதலில் பார்த்தாள்; மத்தியானத்துக்குப் பிறகு துவைத்தவை. அதற்குள் மபாஸா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, கைப்பையோடு நின்ற இவளை வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். வேலைக்கு ஆள் வேண்டுமென்று கடையில் சொல்லி வைத்திருந்தாராம். விசாரணை ஒன்றும் இல்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, சேலைத் தலைப்புக்குள் இருந்த கட்டைக் கவனிக்காமல், இவள் நல்ல கையில் கொடுத்து, ஓரக் கட்டிலில் கிடந்த ஜமால்தீன் நானாவுக்கு ஊட்டச் சொன்னார்.

இவளும் மறுக்கவில்லை. ஒரு கை கட்டுப்போட்டிருக்க, கிண்ணத்தை மடியில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஒரு கரண்டி வைப்பாள். தொண்டை அசையும் வரை காத்திருப்பாள். அடுத்த கரண்டி. அரை மணி நேரம் நான் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிண்ணம் காலியான பிறகு மபாஸா வந்து பார்த்தார். அந்த மனிதர் ஒரு வாரமாகப் பாதிக்கு மேல் இறக்கியதில்லையாம். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். வேலைக்கு வரவில்லை, கட்டிலுக்கு வந்தேன் என்று இவள் சொன்னதும் மபாஸா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு சந்திரகாந்தா குளியலறைக்குப் போனாள். எனக்குத் தெரியும் எதற்கென்று. சுவரெல்லாம் கம்பி, துருப்பிடித்தது. வாளி உருளும் சத்தம் கேட்டது. நானும் எண்ணினேன். பதினொன்றில் மபாஸா ரொட்டி மாவுக் கையோடு கதவடியில் நின்றார். திட்டிக்கொண்டே வந்தார். நடக்கேலாத ஆள் தனியாகப் போனால் நான் என்ன செய்கிற, வாயில்லையா சொல்ல, என்று அந்த வீடு அதிரத் திட்டினார். உள்ளேயிருந்து சந்திரகாந்தா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அவள் சிரித்துப் பார்த்தது குறைவு.

சசிக்குமாருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். துலுக்க வீட்டில் அம்மா எப்படி இருப்பாள், சாப்பாடு என்னவாகும் என்று இழுத்தான். போனை வாங்கி அவளே பதில் சொன்னாள்.

“மாட்டெறச்சி ஆக்குற அன்னிக்கு எனக்குப் பருப்பு தர்றேன்னு மிஸ்ஸி சொல்லிட்டாங்க. நான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு பாத்தா பால் ஊத்துனேன்? வைடா.”

6

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. பத்திரிகைக்காரர்களும் போட்டிருப்பார்கள்.

மபாஸா ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். ஒரே தாள். பெயர், வயது, நோய் வருத்தம், குடிக்கிற மருந்து. கடைசியில் ஒரு கட்டம். பொறுப்பாளர்: அழைத்தால் அரை மணித்தியாலத்துக்குள் நேரில் வரக்கூடியவர். பெயர், கையொப்பம்.

அந்தக் கட்டம் ஏன் என்பதை மபாஸா மறைக்காமல் சொன்னார். போன மாதம் ஒரு அம்மாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வெட்டுவதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். மகன் மெல்போர்னில். போனில் அழுதான், அழுகையில் கையெழுத்து விழாது. அந்த அம்மா போய்விட்டாள். அந்தக் கட்டில்தான் இப்போது காலியாக இருக்கிறது.

“மகன்மார் அனுப்புறத அனுப்பட்டும். அது வேற. எனக்கு ஒரு ஆள் வேணும். ஒண்டு ஆனா நான் யாருக்குக் கோல் எடுக்கிற? பேரு இல்லாட்டிக் கட்டில் இல்ல. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு முந்தி சொல்லுங்க, வேற ஆளும் கேட்டுக்கிட்டு இரிக்கி.”

நான் சந்திரகாந்தாவைப் பார்த்தேன். மன்றாடுவாள் என்று நினைத்தேன். [முதல் பிரதியில் அவளை இந்த இடத்தில் அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.] தலையை ஆட்டினாள். சரியான சட்டம் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருசம் அதே சட்டத்தை வைத்துத் தாய்மாரை வாசலில் நிறுத்தியவள் அவள். தனக்கென்று வரும்போது விதிவிலக்குக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

தாளை என்னிடம் நீட்டினாள். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி. நீ கொண்டுபோய் நல்லாப் படிச்சுப் பாரு. அந்தக் கட்டத்துல யாராவது ஒரு பேரு வேணுமில்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லாததை நான் சொல்கிறேன்.

எனக்கு ஒரு வயதாக இருக்கும்போது என் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். கண்டி ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் கிடந்தாள். அப்பா அதற்கு முந்தியே தோட்டத்தை விட்டு ஓடிப் போயிருந்தார். அந்த ஏழு மாதமும் காலையில் என்னைப் பிள்ளைக்காம்பராவில் யாரோ ஒருத்தி இறக்கிவிட்டுப் போனாள். சாயந்தரம் யார் வந்து தூக்குவது என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அந்தப் பழைய பதிவேட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். பக்கம் பக்கமாக, ரமேஸ், ரமேஸ், ரமேஸ். எதிரே வந்து தூக்குபவர் கட்டத்தில், அவளுடைய கோணல் கையெழுத்தில், சந்திரகாந்தா, சந்திரகாந்தா, சந்திரகாந்தா. சசிக்குமார் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டுப் பாயில் தூங்கினவன் நான்.

இவ்வளவு நேரமாகச் சசிக்குமாரை நக்கலடித்துக்கொண்டிருந்தவன் இவன்தான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உக்குவலைக்கு என் அறையிலிருந்து இருபது நிமிடம். ஆட்டோ பிடித்தால் அதுவும் இல்லை.

நல்லாப் படிச்சுப் பார்க்கிறேன் ஆயாம்மா என்று சொல்லி, தாளை வாங்கி மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். திங்கள் சாயந்தரம். இன்றைக்கு வியாழன்.

இந்த மூன்று நாளில் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? இந்தக் கதையை எழுதினேன்.

7

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ) ரமேஸ் கையெழுத்துப் போடுகிறான். சந்திரகாந்தா அவன் தலையில் கைவைக்கிறாள். கொடியில் துணி காய்கிறது. [இதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கையெழுத்துப் போடாமலே கண் கலங்குகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? நீங்களே ஒரு வார்த்தை பார்த்துக்கொள்ளுங்கள்.]

ஆ) சசிக்குமார் மனம் திருந்தி மாத்தளைக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறான். [சிரித்தாயிற்றா? அடுத்ததுக்குப் போவோம்.]

இ) சனிக்கிழமை வேன் வருகிறது. வத்தளையில் ஒருவன் போனைத் திறந்து, நடைபாதையையும் பூச்சாடியையும் சாத்திய கதவையும் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போகிறான். [இந்த முடிவில் ஒரு வசதி உண்டு. இதை யாரும் எழுத வேண்டியதில்லை. நான் சும்மா இருந்தாலே நடந்துவிடும்.]

காரணங்களும் வைத்திருக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொந்தமில்லை, நாளைக்கு ஒன்று நடந்தால் பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். எனக்குப் பிரஷர். நடுச்சாமத்தில் போன் வந்தால் ஆட்டோ கிடைக்காது. பொறுப்பாளர் என்ற சொல்லுக்குச் சட்டப்படி என்ன பொருள் என்று இன்னும் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளன் அல்லவா, சொல்லைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுவேனா? இவ்வளவு காரணத்தையும் அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண், ஏழு மாதம், ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

இப்போது சாயந்தரம் ஐந்து மணி. தோட்டத்தில் கடைசி நிறுவை முடிந்து தாய்மார் பிள்ளை தூக்க இறங்குகிற நேரம். மேசையில் இந்தக் கதையின் கடைசிப் பக்கம் இருக்கிறது, அதற்கடியில் அந்தத் தாள். பேனா ஒன்றுதான். இரண்டில் எதில் எழுதுகிறதோ அதில்தான் எழுதும்.

போன் அடித்தது. ஆயாம்மா. இரண்டு அடி அடித்து நின்றுவிட்டது. அவள் எப்போதும் மிஸ் கோல்தான் கொடுப்பாள். எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிற பழக்கம் கிடையாது. கூப்பிடுவாள். பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணுவாள்.

நானும் எண்ணிக்கொண்டுதான் இதை எழுதினேன். பதினாறுக்கு வந்திருக்கிறேன். மிச்சம் நாலை நீங்கள் எண்ணுங்கள். சத்தமாக எண்ணுங்கள், எனக்குக் கேட்கட்டும்.